கூரை முடியும் இடத்தில் முடிந்துவிடும் சட்டம்: பணியிட வெப்பமும் சாதியும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதப் பிற்பகலில், கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்த கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்த தொழிலாளி மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. இறப்புச் சான்றிதழில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதப்பட்டது. உடலை விரைவாக ஊருக்கு அனுப்புவதிலேயே ஒப்பந்தக்காரர் குறியாக இருந்தார், பிணக்கூராய்வு நடக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவருடைய மனைவி என்னிடம் வந்தபோது கையில் இருந்தவை இரண்டு தாள்கள்தாம்: அந்தச் சான்றிதழும், சாதிச் சான்றிதழும். அவருடைய உடலின் வெப்பநிலையை யாரும் அளக்கவில்லை. அன்று அந்த மாடியில் எத்தனை பாகை வெயில் அடித்தது என்பதற்கும் பதிவு இல்லை. வெயில்தான் அவரைக் கொன்றது என்பது உடன் வேலை செய்த அனைவருக்கும் தெரியும். அதைச் சட்டத்தின் முன் மெய்ப்பிக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

அந்த வழக்கு என்னுள் எழுப்பிய கேள்வியே இக்கட்டுரையின் பொருள். பணியிடத்தில் வெப்பத்தால் ஏற்படும் பாதிப்பை நம் சட்டங்கள் எங்கே காண்கின்றன, எங்கே காண மறுக்கின்றன? சட்டத்தின் பார்வை நின்றுவிடும் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிற்பவர்கள் பெரும்பாலும் யார்?

பேரிடராகக் காணப்படும் வெயில்

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வழி ஏற்பட்டது. ஒன்றிய அரசின் பேரிடர்ப் பட்டியலில் வெப்ப அலை இடம்பெறாதிருந்த நிலையில் எடுக்கப்பட்ட இம்முடிவு வரவேற்கத்தக்கதே.

ஆயினும் பேரிடர் என்னும் சட்டகத்துக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. அது இறந்த பின்னரே பேசத் தொடங்குகிறது. அப்போதும், இறப்புக்குக் காரணம் வெப்பமே என்று உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். உடல் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டியதும், நினைவு தடுமாறியதும் உடனடியாகப் பதிவு செய்யப்பட்டால்தான் மருத்துவர் வெப்பவாதம் என்று எழுதுவார். அவ்வாறு பதிவாகாத இறப்பு, நெஞ்சுவலி என்றோ பழைய நோய் என்றோ கணக்கில் சேர்ந்துவிடும்.

வெப்ப அலை என்பதன் வரையறையும் நம் கவனத்துக்குரியது. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை 40 பாகையையும், கடலோரத்தில் 37 பாகையையும் எட்டி, இயல்பைவிட 4.5 பாகையேனும் கூடியிருந்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதனை வெப்ப அலை என்கிறது. இது காற்றின் வெப்பநிலையை நிழலில் அளந்து சொல்லும் கணக்கு. தார்ச்சாலை போடுபவருக்கும், சூளையில் கல் அடுக்குபவருக்கும், உப்பளத்தில் உப்பு வாருபவருக்கும் அந்த எண் பொருந்தாது. மேலிருந்து வெயிலும், கீழிருந்து தரையின் கொதிப்பும், கடலோரமென்றால் ஈரப்பதமும் சேர்ந்து அவர்களைத் தாக்குகின்றன. அறிவிக்கப்பட்ட வெப்ப அலை ஒருநாள்கூட இல்லாத கோடையிலும் ஓர் உழைப்பாளியின் உடல் நாள்தோறும் தன் தாங்கும் எல்லையைக் கடந்துகொண்டிருக்க முடியும்.

அறிவுரையாக நிற்கும் திட்டங்கள்

2010 மே மாதத்தில் அகமதாபாத் நகரம் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. அதன் விளைவாக 2013இல் அங்கே வெப்பச் செயல்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. பின்னர் பல மாநிலங்களும் நகரங்களும் அதைப் பின்பற்றின. தில்லியைச் சேர்ந்த கொள்கை ஆய்வு மையம் இத்தகைய 37 திட்டங்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றில் 11 மட்டுமே நிதி ஆதாரம் குறித்துப் பேசுவதாகவும், எந்த மக்கள் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்பதை 2 மட்டுமே முறையாக மதிப்பிட்டுள்ளதாகவும் கண்டறிந்தது. பெரும்பாலானவற்றுக்குச் சட்ட அடித்தளம் இல்லை என்பதையும் அது சுட்டியது.

சட்ட அடித்தளம் இல்லாத திட்டம் அறிவுரை மட்டுமே. 'நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்வதைத் தவிர்க்கவும்' என்று ஒவ்வொரு கோடையிலும் அரசு அறிவிக்கிறது. தவிர்க்க இயன்றவர்களுக்கு அது பயன்படும். நாட்கூலிக்குப் போகிறவர் தவிர்த்தால் அன்றைய கூலி போகும். அடுத்த நாள் வேலையும் போகலாம். முதலாளி அந்த அறிவுரையை மீறினால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் அவர்மீது நடவடிக்கை எடுப்பது? விடை இல்லை.

கூரையும் எண்ணிக்கையும்

வெப்பம் குறித்து நம் தொழிலாளர் சட்டத்தில் ஒன்றுமே இல்லையென்று கூறிவிட முடியாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 13ஆம் பிரிவில், ஒவ்வொரு தொழிற்சாலையிலும் காற்றோட்டமும், உடல்நலத்துக்கு ஊறு விளைவிக்காத வெப்பநிலையும் பேணப்பட வேண்டும் என்றது. பல மாநிலங்களின் விதிகள் ஈரக்குமிழ் வெப்பநிலை 30 பாகையைத் தாண்டக்கூடாது என எண்ணிட்டே வரம்பு விதித்தன. ஆனால் 13ஆம் பிரிவு பேசுவது 'பணி அறை'யைப் பற்றி. சுவரும் கூரையும் எப்படி அமைய வேண்டும் என்பது வரை அது சொல்கிறது. சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் அதற்குச் சொல்ல எதுவுமில்லை.

உப்பளத்தை எடுத்துக்கொள்வோம். உப்பளமும் தொழிற்சாலையே, திறந்தவெளி என்பதால் அது சட்டத்திலிருந்து விலகிவிடாது என்று 1961இல் அர்தேஷிர் பிவண்டிவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அவ்வாறாயின் தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் உப்பு வாரும் தொழிலாளிக்கு 13ஆம் பிரிவு பாதுகாப்பு அளித்திருக்க வேண்டும். ஆனால் உப்பளத்தில் பணி அறை ஏது? தொழிற்சாலை என்று பெயர் பெற்ற இடத்திலேயே, கூரை இல்லாத காரணத்தால் வெப்பம் பற்றிய பிரிவு செயலற்றுப் போனது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பாதுகாப்பான வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைப்பதும், 7 விழுக்காட்டினரின் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருப்பதும் தெரியவந்தன. அவர்களுள் பெரும்பாலோருடைய உடல், சட்டம் எட்டிப் பார்க்காத இடத்தில் ஒவ்வொரு நாளும் தேய்ந்துகொண்டிருக்கிறது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், பணியிட வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியன குறித்துத் தரம் விதிக்கும் அதிகாரத்தை 23ஆம் பிரிவில் ஒன்றிய அரசுக்கு வழங்குகிறது. இதில் 'அறை' என்னும் தடை இல்லை. இந்த வாயிலை நாம் பயன்படுத்த வேண்டும். அதேவேளையில், தொழிற்சாலை என்பதற்கான எண்ணிக்கை வரம்பை அச்சட்டம் உயர்த்திவிட்டது. மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் என்றிருந்தது 20 ஆயிற்று. மின்விசை இல்லாத இடத்தில் 20 என்றிருந்தது 40 ஆயிற்று. நிறுவனம் என்று கொள்ளப்படவும் பொதுவாகப் பத்துப் பேர் வேண்டும். மேஸ்திரி ஒருவரின்கீழ் ஆறு பேராகவும் எட்டுப் பேராகவும் பிரிந்து வேலை செய்வோர் இந்தக் கணக்கில் எளிதில் மறைந்துபோவர். உடனடி ஆபத்து இருப்பதாகக் கருதினால் தொழிலாளி முதலாளியிடம் தெரிவிக்கலாம் என்கிறது 14ஆம் பிரிவு. வேலையை நிறுத்திவிட்டு, கூலி இழக்காமல் நிழலுக்குச் செல்லலாம் என்று அது சொல்லவில்லை.

யார் அந்த எல்லைக்கு வெளியே?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்த உழைப்பாளர்களில் 30 விழுக்காட்டினர் விவசாயக் கூலிகள். பட்டியல் சாதி உழைப்பாளர்களிடையே இது ஏறத்தாழ 45 விழுக்காடு. நிலம் மறுக்கப்பட்ட வரலாறு இந்த எண்ணில் உறைந்திருக்கிறது. நிலமற்றவர் பிறர் வயலிலும், சூளையிலும், சாலையிலும், கட்டடத்திலும் உடலை விற்றே பிழைக்க வேண்டியிருக்கிறது. நகரங்களின் தெருக்களைக் கூட்டுவோரும் சாக்கடைகளைத் தூய்மை செய்வோரும் யார் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2025இல் 'டெமோகிராஃபி' ஆய்விதழில் வெளியான, பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோரின் ஆய்வு, அரசின் உழைப்புக் கணக்கெடுப்புத் தரவுகளையும் செயற்கைக்கோள் வெப்பத் தரவுகளையும் இணைத்து, விளிம்புநிலைச் சாதியினர் ஆதிக்கச் சாதியினரைவிட வேலையின்போது அதிக வெப்பத்துக்கு ஆளாவதை நிறுவியுள்ளது.

சட்டம் எங்கும் சாதியைப் பற்றிப் பேசவில்லை. கூரை, எண்ணிக்கை, வேலைக்காலம் ஆகியவற்றையே அது எல்லையாக வைக்கிறது. ஆனால் இம்மூன்று கோடுகளையும் வரைந்து முடித்த பிறகு, வெளியே நிற்பவர்களில் பெரும் பகுதியினர் நம் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களாகவே இருக்கிறார்கள்.

தண்ணீரும் இதில் சேரும். வெப்பத்திலிருந்து உடலைக் காக்கும் முதல் மருந்து தண்ணீர். 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது எதற்காக என்பதை நாம் அறிவோம். இன்றும் நில உடைமையாளரின் பம்புசெட்டில் கைவைக்கத் தயங்கும் கூலித் தொழிலாளர்களை நான் சந்திக்கிறேன். பொது நீர்நிலையையோ குழாயையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவின்படி குற்றம். ஆயினும் வேலை செய்யும் வயலில் குடிநீர் தர வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கி, அதனைச் சோதிக்கும் ஏற்பாடு ஏதுமில்லை.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. பணியிடத்தில் கழிப்பறை இல்லாததால் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே குறைக்கும் பெண்கள் ஏராளம். தமிழ்நாட்டில் 800 கருவுற்ற பெண்களிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வு, கடும் வெப்பத்தில் உழைப்போருக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்தே பிறப்பதும் நேரும் ஆபத்து இருமடங்காவதைக் காட்டியது.

ஓய்வு என்றால் கூலி இழப்பா?

வெப்ப ஒழுங்குமுறை குறித்த பேச்சு பெரும்பாலும் நிழல், தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இவை தேவை; போதாது. உடலைக் காப்பது ஓய்வு. ஓய்வைத் தடுப்பது கூலி முறை. செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. முன்பணம் வாங்கிய குடும்பம் வெயிலுக்கு ஒதுங்கும் ஒவ்வொரு மணி நேரமும் கடன் கழியாத நேரம்.

அரசே வழங்கிய நூறு நாள் வேலையிலும் இதே நிலைதான் இருந்தது. குடிநீர், நிழல், ஓய்வு, முதலுதவிப் பெட்டி ஆகியவை பணியிடத்தில் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கூறியது. ஆனால் 2023 சனவரி முதல் நாளுக்கு இருமுறை கைப்பேசிச் செயலியில் ஒளிப்படம் எடுத்து வருகையைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. விடியலில் வந்து குறித்த அளவு மண்ணை வெட்டி முடித்தவர்களும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருக்க நேர்ந்தது. மாறாக, ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் ஒரு காலத்தில் கோடைப்படி என்றொரு முறை நடைமுறையில் இருந்தது: உச்சக் கோடையில் 30 விழுக்காடு வரை குறைவாக வேலை செய்தாலும் முழுக் கூலி கிடைக்கும். வெயிலில் உடல் மெதுவாகத்தான் இயங்கும் என்பதை ஏற்றுக்கொண்ட ஒழுங்குமுறை அது.

1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியின்றி குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வைத்தால் அதுவும் அரசியலமைப்பின் 23ஆம் கூறு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்றது. உயிருக்கு ஆபத்தான வெயிலில், கூலி போய்விடும் என்ற அச்சத்தால் மட்டுமே ஒருவர் நிற்கிறார் என்றால் அதனை அவருடைய விருப்பம் என்று எப்படிச் சொல்வது? இந்த வாதத்தை நீதிமன்றங்களில் எழுப்பும் காலம் வந்துவிட்டது.

ஆறு மாதம் என்னும் தடை

இழப்பீட்டுச் சட்டத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், கடும் வெப்பமான தட்பவெப்பத்தால் விளையும் நோயைத் தொழில்சார் நோயாக மூன்றாம் அட்டவணையின் 'ஆ' பகுதியில் ஏற்றுக்கொண்டது. இது பலருக்குத் தெரியாத செய்தி. ஆனால் 'ஆ' பகுதி நோய்களுக்கு, அதே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்த வடிவத்தையே தொடர்கிறது. இரண்டு மாதத்துக்கு ஓர் ஒப்பந்தக்காரர், ஒரு பருவத்துக்கு ஒரு சூளை என்று மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளிக்கு ஆறு மாதத் தொடர்ச்சி எங்கிருந்து வரும்? வெப்பவாதத்தைப் பணியின்போது நேர்ந்த விபத்து என்று வாதிட்டு இத்தடையைக் கடக்க முயலலாம். ஆனால் கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய சிக்கல் அங்கே மீண்டும் குறுக்கிடும்: வெப்பத்தை அளந்த பதிவு இருக்காது.

முடியாததா இது?

முடியாது என்போர், வெயில் இயற்கையானது, அதற்குச் சட்டம் போட இயலாது என்கின்றனர். கத்தார் நாடு 2021இல் பிறப்பித்த ஆணையின்படி, கோடை மாதங்களில் காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. காற்றின் வெப்பம், ஈரப்பதம், வெயிலின் கதிர்வீச்சு, காற்றோட்டம் ஆகிய நான்கையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை 32.1 பாகையைத் தாண்டினால், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். அந்நாட்டில் புலம்பெயர் தொழிலாளர்கள் படும் துயரையோ, சட்டம் மீறப்படுவதையோ நான் மறைக்கவில்லை. நம் ஊர்களிலிருந்து அங்கு சென்ற தொழிலாளிக்குத் தாளிலாவது இருக்கும் ஓர் எண், ஊர் திரும்பிக் கட்டட வேலைக்குப் போகும்போது இல்லை என்பதையே சுட்டுகிறேன்.

சிறு முதலாளிகளால் தாங்க முடியாது என்பது இன்னொரு வாதம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கணித்தபடி, 2030இல் இந்தியா வெப்பத்தால் 5.8 விழுக்காடு வேலை நேரத்தை இழக்கும், அது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்கு இணை. ஆக, இழப்பு எப்படியும் நேரத்தான் போகிறது. இன்று அதை உழைப்பவர் ஒருவரே தன் உடலாலும் கூலியாலும் சுமக்கிறார். அதனைப் பகிர்ந்துகொள்ள வழியும் இருக்கிறது. தில்லியில் காற்று மாசு காரணமாகக் கட்டுமானப் பணிகள் நிறுத்தப்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளர்களுக்குக் கட்டுமான நலவரி நிதியிலிருந்து வாழ்வூதியம் வழங்க 2021இலும் 2024இலும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நச்சுப் புகைக்குப் பொருந்தும் நியாயம் நச்சு வெயிலுக்கும் பொருந்த வேண்டும்.

தொழிலாளியின் உடல்நலம் 21ஆம் கூறின்கீழ் அடிப்படை உரிமை என்று 1995இல் கல்நார்த் தொழிலாளர் வழக்கிலும், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை 14, 21 ஆகிய கூறுகளில் அடங்கும் என்று 2024இல் ரஞ்சித்சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இரண்டையும் இணைத்துப் படித்தால், பணியிட வெப்பத்துக்கு வரம்பு விதிப்பது அரசின் கருணையைச் சார்ந்ததாக இருக்க முடியாது. அது அரசின் கடமை.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவதாக, 23ஆம் பிரிவின்கீழ் திறந்தவெளிப் பணிகளுக்கும் பொருந்தும் வெப்ப வரம்பு எண்ணிட்டு அறிவிக்கப்பட வேண்டும். அது ஈரப்பதத்தையும் கதிர்வீச்சையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டாவதாக, வரம்பு தாண்டும்போது ஓய்வு கட்டாயமாக வேண்டும். அந்த ஓய்வுக்குக் கூலி வேண்டும். எண்ணிக்கைக் கூலி பெறுவோருக்கு அளவு குறைக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, பத்துப் பேர் என்ற வரம்பு வெப்பப் பாதுகாப்புக்குப் பொருந்தக்கூடாது. நான்காவதாக, வெப்ப நோய்க்கான ஆறு மாத நிபந்தனை நீக்கப்பட வேண்டும். ஐந்தாவதாக, கோடையில் பணியிடத்தில் நிகழும் ஒவ்வொரு திடீர் மரணத்திலும் உடல் வெப்பநிலைப் பதிவும் பிணக்கூராய்வும் கட்டாயமாக வேண்டும். அக்கணக்கு சாதி, பாலினம், தொழில் வாரியாக வெளியிடப்பட வேண்டும்.

இவை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி மாணவர்கள் தங்கள் பகுதிச் சூளைகளிலும் கட்டடங்களிலும் உப்பளங்களிலும் கோடை முழுவதும் வெப்பத்தை அளந்து, நாளும் நேரமும் குறித்துப் பதிவு செய்யலாம். குடிநீரும் நிழலும் இருந்தனவா என்பதைப் படத்துடன் ஆவணப்படுத்தலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் எத்தனை வெப்ப மரணங்களுக்கு நிவாரணம் வழங்கப்பட்டது, எத்தனை மனுக்கள் தள்ளப்பட்டன என்று கேட்கலாம். ஒருவர் வேலையிடத்தில் விழுந்தால், உடலை எடுத்துச் செல்வதற்கு முன் பிணக்கூராய்வு கேட்க வேண்டும் என்பதை ஒவ்வொரு குடியிருப்பிலும் சொல்லி வைக்கலாம்.

1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் முயற்சியில், 1946இல் தொழிற்சாலைகளில் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்தது. ஒரு மனித உடலிடமிருந்து எவ்வளவு உழைப்பைப் பெறலாம் என்பதற்குச் சட்டம் எல்லை விதிக்க முடியும் என்பதை அது காட்டியது. எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. எத்தனை பாகை வெயில் வரை என்ற கேள்வி இன்னும் விடையின்றி இருக்கிறது. கம்பி கட்டிய அந்தத் தொழிலாளியின் மனைவிக்கு நான் சொல்ல முடியாமல் போன விடையும் அதுவே. அடுத்த கோடைக்குள் அதைச் சட்டத்தில் எழுத வைப்பது நம் பொறுப்பு.